வன்தட்டும் தாலாட்டும்

எம் மடிக்கணினி சென்ற கோடையில் திடீரென உயிர் நீத்தது. பத்தாண்டு உழைத்த அதனை எடைக்குப் போட மனம் ஒருப்படவில்லை. மறைந்த எம் அன்னையார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு அதன் வன்தட்டிலன்றி வேறெங்கும் இல்லை.

ஆகவே, மின்கலத்தை அகற்றி, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, 2.5 அங்குல வன்தட்டை மெல்ல வெளியே எடுத்தோம். சாட்டா இணைப்பிற்குரிய யூஎஸ்பி உறை ஒன்றைக் கடையில் வாங்கி அதனுட் பொருத்தினோம். இவ்வகைத் தட்டிற்கு 5 வோல்ட்டே போதுமாதலின், யூஎஸ்பி வடமே அதனைச் சுழற்றிவிடும். மேசைக் கணினியின் 3.5 அங்குலத் தட்டாயின் 12 வோல்ட்டும் வேண்டும். அதற்குத் தனி மின்னிணைப்பு இன்றியமையாதது.

வடத்தை வீட்டு விண்டோஸ் கணினியிற் செருகினோம். தட்டு சுழலும் ஒலி கேட்டது. ஆயினும், தட்டை ஃபார்மட் செய்யவேண்டுமா என்றொரு வினாவே திரையில் எழுந்தது. ஆம் என அழுத்த எம் விரல் சென்றது. அருகிருந்த மாணவர் ஒருவர் கையைப் பற்றித் தடுத்தார். பழைய கணினி லினக்ஸில் இயங்கியதை யாம் மறந்திருந்தோம். அக்கோப்பு முறையை விண்டோஸ் அறியாமையே அவ்வினாவிற்குக் காரணம் என்றார். அவர்தம் லினக்ஸ் கணினியில் இணைத்தவுடன் கோப்புகள் யாவும் தோன்றின. அன்னையாரின் குரல் கேட்டது. யாம் பேச்சற்றிருந்தோம்.

முதலில் இரண்டு பிரதிகள் எடுத்தோம். பின்னரே தட்டைத் துடைத்துப் புறச் சேமிப்பகமாக்கினோம். நண்பர்காள்! பழையதைப் பயன்கொள்ளல் நன்று. ஆயினும் அரிய பொருளை ஒரே தட்டில் வைத்திருத்தல் பேதைமை என்பதை எம்மிடமிருந்து அறிவீராக.