700 பவுண் வீடு

ராத்தாவின் மகன் இங்கிலாந்தில், பிரைட்டன் பக்கம் இருக்கிறான். வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறான். சென்ற நோன்பு மாதத்தில் ஒரு நாள் ஸஹருக்கு எழும்பிக் கைத்தொலைபேசியைப் பார்த்தால் அவனிடமிருந்து ஒரு படம். லூயிஸ் என்ற பட்டினத்துக்கு அருகே ஒரு கிராமம். கருங்கல் பதித்த சுவர், பாசி பிடித்த ஓட்டுக்கூரை, படலையருகே 'விற்பனைக்கு' என்ற பலகை. தரகரின் விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தான். வரலாற்றுப் பழமை வாய்ந்த குடும்ப வீடு என்று தொடங்கி, மர உத்தரங்கள், புகைபோக்கி, பழமரத் தோட்டம் என்று அது நீண்டது. விலையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்த்தேன்.

"வாங்கப் போறியா மனே?" என்று கேட்டு எழுதினேன்.

"கதவ மட்டும் தந்தா வாங்க ஏலும் மாமா" என்று பதில் வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவு ஒன்று அனுப்பினான். பட்டினத்தில் இரண்டு அறை கொண்ட சின்ன வீடொன்றை அவன் பார்த்திருக்கிறானாம். முற்பணம் போதவில்லை. ஊரிலுள்ள வீட்டை வளவோடு விற்றுவிடலாம், உம்மாவைத் தன்னிடம் அழைத்துக்கொள்ளலாம், மாமாதான் உம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வட்டிக்கு எடுக்கமாட்டேன் என்றும் சொல்லியிருந்தான். அங்கே 2003 இல் சட்டத்தைத் திருத்தி, வட்டியில்லாமல் வீடு வாங்குபவர் முத்திரை வரியை இருமுறை கட்டும் தொல்லையை நீக்கியிருக்கிறார்கள். வழி இருக்கிறது. ஆனால் வழிக்கும் முற்பணம் வேண்டும்.

அந்த வீடு உம்மாவின் சீதன வீடு. பின்னர் ராத்தாவின் சீதன வீடானது. ராத்தாவின் கல்யாணத்தோடு உம்மாவும் வாப்பாவும் குசினிப் பக்கத்து ஓலைக் கொட்டிலுக்கு மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பிறந்ததும் அங்கேதான். ஆனால் ஆண்பிள்ளை, கல்யாணத்தோடு மனைவியின் ஊருக்கு வந்துவிட்டேன். அந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை எவ்வளவு என்பது எனக்கே தெளிவில்லை.

லூயிஸ் என்ற பெயர் மட்டும் மனதில் எங்கோ உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு பிடிபட்டது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃபின் காட்டுக் கிராம நாவலை அகராதியும் கையுமாக ஆங்கிலத்தில் வாசித்தேன். அந்த மோகத்தில் அவருடைய சுயசரிதையையும் தேடிப் படித்தேன். அவரும் அவருடைய மனைவி வேர்ஜினியா வுல்ஃபும் ஏலத்தில் எடுத்த வீடு, லூயிஸிலிருந்து சில மைல் தூரத்து ரொட்மெல் கிராமத்தில்தான் இருக்கிறது. மங்ஸ் ஹவுஸ் என்று பெயர்.

1904 இன் முடிவில் இலங்கை வந்தவர் லெனாட். யாழ்ப்பாணம், கண்டி, பிறகு 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை. தமிழும் சிங்களமும் படித்தார். உப்பளத்தையும் வரண்ட கிராமங்களையும் கட்டி ஆண்டார். விடுமுறையில் ஊர் போனவர் 1912 இல் பதவியைத் துறந்து வேர்ஜினியாவை மணந்தார். இங்கே இருந்தபோது குதிரைப் பந்தயச் சீட்டொன்றில் அவருக்கு 690 பவுண் விழுந்தது. வேலையை விடும் துணிவை அவருக்குக் கொடுத்ததில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. ஹராமான காசுதான், என்ன செய்வது! அவர் நமது மார்க்கத்தவரல்லர்.

1913 இல் வெளிவந்த அவரது நாவல், காடு வீடுகளை விழுங்குவதைப் பற்றியது. கிராமத்தில் ஒவ்வொரு குடிசையாக வெறிச்சோடுகிறது, கடைசியில் ஒரு பெண் தனியே மிஞ்சுகிறாள், முற்றம் வரை பற்றை வந்துவிடுகிறது. அதை எழுதிய மனிதர் ஒரு வீட்டையும் தோட்டத்தையும் ஐம்பது வருடம் காத்தார் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

1912 முதல் அவர்கள் ஆஷம் என்ற இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு வைத்திருந்தார்கள். 1919 இல் சொந்தக்காரர் தன் பண்ணை ஆளுக்கு வேண்டுமென்று எழும்பச் சொல்லிவிட்டார். அவசரத்தில் வேர்ஜினியா லூயிஸ் பட்டினத்தில் 300 பவுணுக்கு ஒரு வட்டவடிவ வீட்டை வாங்கிப் போட்டார். அதைக் கணவனுக்குக் காட்டக் கூட்டிச் செல்லும் வழியில், ஏலக்காரரின் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை லெனாட் வாசித்தார். ரொட்மெல்லில் முக்கால் ஏக்கர் காணியோடு ஒரு பழைய வீடு. நமக்கு இதுவல்லவா சரி என்ற தோரணையில் ஏதோ சொன்னாராம். வேர்ஜினியாவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவர் தனியாகச் சைக்கிளில் போய் வீட்டைப் பார்த்தார். அந்த நாட்குறிப்புப் பக்கம் எனக்கு மிகப் பிடித்தது. மாடு வாங்கப் போனவன் விலை ஏறிவிடக் கூடாதென்று பல்லையும் குளம்பையும் குறை சொல்வானே, அப்படித் தன் மனதுக்குத் தானே குறை சொல்கிறார். அறைகள் சிறியவை. அடுக்களை மோசம். சுடுதண்ணீர் இல்லை, குளியலறை இல்லை, மலசலகூடத்தைக் காட்டவேயில்லை. பிறகு தோட்டத்துக்குப் போகிறார். பழமரங்களைக் கண்டதும் குறைப்பட்டியல் பறந்துவிடுகிறது.

1919 ஜூலை 1 ஆம் திகதி லூயிஸில் உள்ள வைட் ஹார்ட் விடுதியில் ஏலம். 800 பவுண் வரை போகலாம் என்று தீர்மானித்து வந்திருந்தார்கள். 300 இல் தொடங்கிய கேள்வி ஏறி 700 இல் நின்றது. வீடு அவர்களுக்கானது. வட்ட வீட்டை விற்றுவிட்டார்கள்.

விளம்பரங்களில் 'பழமை' என்ற சொல்லைப் படிக்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. அவர்கள் வாங்கிய பழமையில் குழாய்த் தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது. மழைக்கு அடுக்களைக்குள் தண்ணீர் வரும். புத்தகம் விற்று விற்றுத்தான் அந்த வீட்டை வீடாக்கினார்கள். 'மிஸிஸ் டலோவே' முதலிய நூல்களின் வருமானத்தில் 1926 இல் சுடுதண்ணீரும் குளியலறையும் வந்தன. 'ஒர்லாண்டோ' தந்த பணத்தில் 1929 இல் இரண்டு அறைகள் கட்டினார்கள். கீழறைக்குத் தோட்டத்துப் பக்கம் மட்டுமே வாசல். வீட்டுக்குள் போவதென்றால் வெளியே வந்து மழையில் நனைந்து சுற்றித்தான் போக வேண்டும். கொத்தனார் யாரோ தெரியாது, ஆனால் நம் ஊர்ப் பாஸ்மாருக்கு உறவுக்காரராகத்தான் இருக்க வேண்டும். குளியலறை அடுக்களைக்கு நேர் மேலே. வேர்ஜினியா குளித்துக்கொண்டே தான் இரவில் யோசித்த வசனங்களை உரத்துச் சொல்லிப் பார்ப்பாராம். கீழே நின்ற சமையற்காரப் பெண்ணுக்கு மேலே இரண்டு மூன்று பேர் இருப்பதாகத் தோன்றுமாம்.

மங்ஸ் என்றால் துறவிகள். அங்கே துறவிகள் வாழ்ந்தார்கள் என்ற கதையும் சுவரில் தீர்த்தம் வைக்கும் மாடங்களும் ஏலத்தின்போது வீட்டோடு சேர்ந்தே வந்தன. லெனாட் பழைய கச்சேரிக்காரர் அல்லவா, உறுதிகளை எடுத்துப் படித்தார். தச்சர் குடும்பம் இருந்திருக்கிறது, ஆலைக்காரக் குடும்பம் இருந்திருக்கிறது. துறவி ஒருவரைக்கூடக் காணவில்லை. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தோட்டம் அவருடையது. 1939 இல் ஒரு பின்னேரம், வானொலியில் ஹிட்லர் பேசுகிறான் வாருங்கள் என்று வேர்ஜினியா கூப்பிட்டார். ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் நட்டுக்கொண்டிருந்தவர், வரமாட்டேன், அவன் செத்து வெகுகாலத்துக்குப் பிறகும் இவை பூக்கும் என்று பதில் கொடுத்தார். ஹிட்லர் செத்து 21 வருடம் கழித்து, 1966 இல், அவற்றில் சில இன்னும் பூத்தன என்று அவரே எழுதியிருக்கிறார்.

இலண்டனில் குண்டு விழுந்ததால் 1940 இல் அவர்கள் ரொட்மெல்லிலேயே தங்கினார்கள். 1941 மார்ச் 28 ஆம் திகதி வேர்ஜினியா அருகிலிருந்த ஊஸ் ஆற்றில் உயிரை விட்டார். சாம்பலைத் தோட்டத்து எல்ம் மரத்தடியில் லெனாட் புதைத்தார். 1969 இல் அவர் இறக்கும் வரை வீட்டைக் கைவிடவில்லை. பிள்ளைகள் இல்லை. வீடு கைமாறி, 1980 இல் நஷனல் ட்ரஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்திடம் போனது. இப்போது பார்க்க வருபவர்கள் கட்டணம் கொடுத்து நுழைகிறார்கள்.

மருமகன் அனுப்பிய வீடும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாந்தரம் என்று விளம்பரத்தில் இருந்தது. பட்டியலில் உள்ளவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்தத் தரம்தான். அனுமதி இல்லாமல் ஜன்னலொன்றை மாற்றினாலும் குற்றம். ராத்தாவின் வீட்டை அப்படி ஒரு பட்டியலும் காக்காது. பலாமரக் கதவையும் ஜன்னலையும் கழற்றித் தாருங்கள், நல்ல விலை தருகிறோம் என்று கொழும்பிலிருந்து பழஞ்சாமான் வாங்குபவர்கள் இரண்டு தரம் வந்து போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ராத்தாவிடம் போனேன். மகன் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேச்சை மாற்ற வேண்டி மங்ஸ் ஹவுஸ் கதையைச் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"தண்ணி வசதியும் இல்லாத ஊட்ட அந்தப் பொம்புள ஏன் வாங்கின?"

"தோட்டத்தப் பாத்து மயங்கித்தான்."

"இப்ப அதுல ஆரு இரிக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல ராத்தா. ஆக்கள் டிக்கட் எடுத்துப் பாத்திட்டுப் போற."

கொஞ்ச நேரம் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கிழக்குப் பக்கத்துத் தென்னை நிற்கிற துண்டைப் பிரித்து விற்கலாம் என்றாள். கிணறு வீட்டோடு நிற்கட்டும். இங்கிலாந்துக்குத் தான் வரமாட்டாளாம், அங்கே குளிராம். அந்தத் துண்டின் காசு மகனுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அலுமாரியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்த உறுதியை என் கையில் தந்தாள். திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் நில அளவையாளரைக் காணப் போகவேண்டும்.