ஓர் அணா டிபன்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சோறு போட்டது யார்? டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் அவரவர் கட்சிக்கு ஏற்ற பதில் வரும். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிய காமராசர் என்பார் ஒருவர். 1982-இல் சத்துணவு தந்த எம்.ஜி.ஆரை விட்டுவிட்டுப் பேசாதே என்பார் இன்னொருவர். 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது ஒரு பழைய கதையும் கூடவே அடிபட்டது: நூறு வருஷத்துக்கு முன்பே சென்னை மேயர் ஒருவர் இதைச் செய்தார் என்று.

யார் அந்த மேயர் என்று தேடப்போனால், மேயரே இல்லை. அப்போது சென்னையில் மேயர் பதவி கிடையாது; 1933-இல்தான் அது திரும்ப வந்தது. அந்தக் காலத்தில் மாநகராட்சித் தலைவர் என்றுதான் பெயர். அந்த நாற்காலியில் தேர்தல் மூலம் வந்து உட்கார்ந்த முதல் ஆள் சர் பிட்டி தியாகராயர். நகை வாங்கவும் புடவை எடுக்கவும் தி.நகருக்குப் போகிறோமே, அந்தத் 'தி' இவர்தான். ரிப்பன் மாளிகை முன்னால் சிலையாக நிற்பவரும் இவரே.

நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர் என்றுதான் இவரைப் படித்திருந்தேன். ஆனால் கட்சி பிறந்தது 1916-இல். இவர் மாநகராட்சி உறுப்பினரானது 1882-இல்! முப்பது வருஷத்துக்கு மேல் குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று மன்றத்தில் உட்கார்ந்து பேசிய மனிதர் பிறகுதான் அந்தக் கட்சிக்கு வந்திருக்கிறார். சொந்தமாக நெசவுப் பட்டறை நடத்தியவர். எப்போதும் வெள்ளை உடை. அதனால் 'வெள்ளுடை வேந்தர்' என்ற பட்டம். 1922-இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோதும் அதே கோலத்தில்தான் வரவேற்றார் என்பார்கள்.

நான் தேடியது கிடைத்தது 1920 செப்டம்பர் 16-ஆம் தேதித் தீர்மானத்தில். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது. அவ்வளவுதான். அங்கே படிப்பவர்கள் ஏழைகள், வறுமையால் வருகை குறைகிறது என்பது தலைவர் தியாகராயர் சொன்ன காரணம். கொள்கை முழக்கமெல்லாம் கிடையாது. வீட்டுக்கணக்குப் பார்க்கிறவர் போட்ட கணக்கு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு பிள்ளைகள். பின்பு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு டிபன் போனது. இந்தப் பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது.

அதே 1920-இன் கடைசியில் இரட்டையாட்சியின் முதல் சட்டமன்றத் தேர்தல். காங்கிரஸ் புறக்கணித்தது, நீதிக்கட்சி ஜெயித்தது. ஆளுநர் வில்லிங்டன் ஆட்சி அமைக்க அழைத்தது தியாகராயரை. அவர் மறுத்துவிட்டு சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். நம் பாடப்புத்தகங்கள் இந்தத் துறவைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. எனக்கென்னவோ அந்த ஓர் அணாத் தீர்மானம்தான் பெரிதாகப் படுகிறது. பதவியை மறுத்தவர்கள் வேறு பலரும் உண்டு.

ஆனால் டிபன் நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று மாகாண அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அப்போது மாகாணத்தை ஆண்டதும் நீதிக்கட்சிதான்! கல்வி அமைச்சர் கையில், நிதி வெள்ளைக்கார உறுப்பினர் கையில் என்று பிரித்து வைத்திருந்த அந்த இரட்டையாட்சியில் இது அதிசயமில்லை. மாநகராட்சி மறுபடி மறுபடி கேட்டு, இரண்டு வருஷம் கழித்து 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு அனுமதி வாங்கியது. தியாகராயர் 1925-லேயே காலமாகியிருந்தார்.

சட்டமன்ற உரைகளைத் தேடித் தேடிப் படிக்கிற ஆய்வு மாணவர்கள், மாநகராட்சி, நகராட்சிகளின் பழைய தீர்மானப் புத்தகங்களையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓர் அணாவுக்கே இவ்வளவு கதை இருக்கிறதென்றால், அங்கே இன்னும் நிறைய இருக்கும்.