ஆமை புகுந்த வீடு

வீட்டைத் தன் முதுகிலேயே சுமந்து திரிகின்ற உயிருக்கு மனிதர் ஏன் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இங்கிலாந்து நாட்டின் லெஸ்டர் நகரில் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்த ஆறு திங்களில் அந்த ஐயம் நீங்கியது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் நானும் என் துணைவியாரும் அங்குச் சென்றிருந்தோம். ஒன்பது வயதுப் பேத்தி, "நன்னா, இங்கே வாருங்கள்" என்று என் கையைப் பற்றி இழுத்துச் சென்று காட்டியது, உள்ளங்கையளவே இருந்த ஒரு நிலத்தாமை.

துணைவியார் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது அவர் பிறந்த ஊரில் வேதவாக்குப் போன்றது. (மாணவியர் பொறுத்தருள்க. இங்கே அமீனா என்பது பெண்ணின் பெயரன்று. நீதிமன்ற ஆணையுடன் சப்திக்கு வரும் அலுவலரின் பெயர்.) பொறாமை, முயலாமை, கல்லாமை ஆகிய ஆமைகளைத்தான் அப்பழமொழி குறிக்கின்றது என்று மேடையில் பொருள் சொல்லிக் கைதட்டல் பெறும் வழக்கம் தமிழாசிரியர்களுக்கு உண்டு. நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். கைதட்டல் கிடைக்கவில்லை. வள்ளுவர் அடக்கத்திற்கு உவமையாக எடுத்தாண்ட உயிர் என்றேன். "வள்ளுவர் அதை வீட்டுக்குள் வைத்திருந்தாரா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

அந்த ஆமை ஹார்ஸ்ஃபீல்டு ஆமை என்னும் வகையைச் சேர்ந்தது. கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளின் வறண்ட புல்வெளிகள் அதன் தாயகம். காலுக்கு நான்கு நகங்கள் கொண்டு வளை தோண்டுவதில் வல்லது. கொடுங்கோடையிலும் கடுங்குளிரிலும் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஆண்டில் சில மாதங்களே வெளியே உலவும். 1968-ஆம் ஆண்டு செப்டம்பரில் சோவியத் நாட்டின் சோண்ட்-5 விண்கலத்தில் நிலவைச் சுற்றி உயிருடன் திரும்பிய இரு ஆமைகளும் இவ்வினத்தவையே. மனிதன் நிலவைச் சுற்றியது அதற்குப் பின்னர்தான் என்று பேத்தி எனக்குப் பாடம் நடத்தினாள்.

நான் சென்றபோது அந்த ஆமை ஒரு கண்ணாடித் தொட்டியில் இருந்தது. விற்ற கடைக்காரர் தொட்டியையும் சேர்த்தே விற்றிருக்கின்றார். அடியில் மரத்தூள், மேலே ஒரு சாதாரண மின்விளக்கு, அவ்வளவே. வெயில் படட்டும் என்று மருமகன் தொட்டியைச் சன்னலோரம் வைத்திருந்தார். ஆமை பொழுதெல்லாம் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. அப்பால் தெரிகின்ற ஓர் இடத்திற்கு ஏன் போக இயலவில்லை என்பது அதற்கு விளங்கவில்லை. "விளையாடுகின்றது" என்றாள் பேத்தி. எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

ஜூன் மாதத்தில் அது உணவைக் குறைத்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் அதைத் திருப்பி அடியோட்டை விரலால் மெல்ல அழுத்தினார். கல்லைப்போல் இருக்க வேண்டிய ஓடு சற்றே நெகிழ்ந்தது. மகளின் முகம் வாடியது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி உணவைப் பற்றியதன்று. "என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள்?" என்பதே.

அவர் விளக்கியதைக் கேட்டபோதுதான் என் பழைய ஐயத்தின் வேரே பழுதுபட்டது என்று உணர்ந்தேன். ஆமையின் ஓடு அது சுமக்கின்ற வீடன்று. அதன் விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்ததே அந்த ஓடு. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தின்ற சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உயிர்ச்சத்து டி வேண்டும். அவ்வுயிர்ச்சத்தை ஆமை தன் தோலிலேயே ஆக்கிக்கொள்ளும். அதற்குக் கதிரவனின் புற ஊதா-பி கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், வெப்பத்தையும் விடும், அந்தக் கதிரை மட்டும் பெரும்பாலும் தடுத்துவிடும். வெயிலில் இருப்பதுபோலவே தோற்றமளித்துக்கொண்டு, அந்த ஆமை வாரக்கணக்கில் இருளில் இருந்திருக்கின்றது.

அடுத்த ஞாயிறன்று புதுவீட்டுப் பணி தொடங்கியது. நம்மூரில் மனைபோடும் சடங்கு உண்டு. அங்கே மரப்பலகை போட்டோம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மேற்புறம் திறந்த ஒரு மரப்பெட்டி. அதனை அந்நாட்டார் ஆமை மேசை என்கின்றனர். பக்கங்கள் மரமாதலால் வெளியே தெரியாது. தெரியாததை ஆமை முட்டுவதில்லை. மேலே திறந்திருப்பதால் காற்று தேங்குவதில்லை. தேங்கிய ஈரக்காற்றும் குளிரும் சேர்ந்தால் ஆமைக்கு நுரையீரல் நோய் வரும்.

பெட்டியின் ஒரு முனையில் தட்டையான கருங்கல் பலகை. அதன் நேர்மேலே வெப்ப விளக்கு. கல்லின்மேல் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். மறுமுனையில் 20 பாகையளவே போதும். ஆமைக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. ஆகவே சூட்டுக்கும் நிழலுக்கும் இடையே நடந்துதான் அது தன்னைச் சீர்செய்துகொள்ளும். பெட்டி முழுவதும் ஒரே வெப்பமாக இருந்தால், எவ்வளவு இதமாயினும் அது சிறையே. புற ஊதா-பி குழல்விளக்கை வெப்ப விளக்கையொட்டி நீளவாக்கில் பொருத்தினோம். உற்பத்தியாளர் குறித்த தொலைவில், இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல். நாள்தோறும் 12 மணி நேரம் எரியும், இரவில் அணையும். இவ்விளக்கில் ஒரு சூது உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே கண்ணுக்குத் தெரியாத கதிர் நாளடைவில் தேய்ந்துவிடும். எனவே நன்றாக எரிகின்ற விளக்கையே, பலவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, கழற்றி எறிய வேண்டும். இங்கிலாந்தில் மின்கட்டணம் வானளாவியிருந்த காலம் அது. மருமகன் பெருமூச்சு விட்டார். ஆனால் விளக்கை அணைக்கவில்லை.

மரத்தூளை அகற்றிவிட்டு, உரம் கலவாத மேல்மண்ணும் மணலும் கலந்து அரையடிக்கு மேல் நிரப்பினோம். அடிமண் சற்று ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருக்க வேண்டும். வறண்ட நிலத்து உயிராயிற்றே, ஈரம் எதற்கு என்று கேட்டேன். வெளியே வறண்டிருந்தாலும் அது தோண்டி ஒடுங்கும் வளைக்குள் ஈரம் உண்டாம். ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாக மேலெழும் குறைபாட்டிற்கு மிகையான புரதமே காரணம் என்று நெடுநாள் கருதியிருந்தனர். ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வு, காற்றின் ஈரப்பதக் குறைவே அதில் பெரும்பங்கு வகிக்கின்றது என்று காட்டியது. புதுமண்ணில் விட்ட முதல் நாளே ஆமை புதைந்து மறைந்துவிட, அதைக் காணோம் என்று வீடே கலவரப்பட்டது தனிக்கதை.

உணவு பெருஞ்செலவன்று. டான்டிலியன் என்னும் மஞ்சட்பூக் களைச்செடியை அந்நாட்டார் புல்தரையிலிருந்து பிடுங்கி எறிகின்றனர்; ஆமைக்கு அதுவே விருந்து. மருந்து தெளிக்காத இடமாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பழம் கூடாது, பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். கொறிக்கக் கணவாய் ஓடு போட வேண்டும் என்றபோது என் துணைவியார் முதன்முறையாக வாய் திறந்தார். "நம்ம நாட்டு மருந்துக்கடைக் கடல்நுரைதானே அது?" அன்றிலிருந்து களை பறிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். வாரத்தில் சிலநாள் வெதுவெதுப்பான நீரில், தாடையளவு ஆழத்தில், கால்மணி நேரம் ஆமையை நிறுத்திவைப்பதும் அவர் பணியாயிற்று. தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். அதில் பேத்தியைவிட அவர் கண்டிப்பானவர்.

இவ்விடத்தில் நம் மாணவர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்த தமிழ் நண்பர் ஒருவர், "ஊரில் நட்சத்திர ஆமை எவ்வளவு அழகு! ஒன்று கொண்டுவந்திருக்கலாமே" என்றார். அது நம் தமிழகத்துப் புதர்க்காடுகளிலும் வாழ்கின்ற உயிர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2019-இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. எனினும் பெட்டிகளில் அடைத்து விமானத்தில் கடத்த முயன்றவர்களைச் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடித்திருக்கின்றனர். பேத்தியின் ஆமை காட்டில் பிடித்ததன்று, வளர்ப்பிடத்தில் பொரித்தது. மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து ஆமைகளை இலட்சக்கணக்கில் கப்பலேற்றி விற்ற காலம் பிரிட்டனிலும் இருந்தது. 1984-இல் அவ்வணிகம் தடைசெய்யப்பட்டது. அதற்குள் குளிர் தாங்காமல் மாண்டவை எத்தனையோ!

அக்டோபரில் மருத்துவர் மீண்டும் அடியோட்டை அழுத்திப் பார்த்தார். நெகிழவில்லை.

நாங்கள் ஊர் திரும்பியபின் நடந்ததைத் தொலைபேசியில்தான் பார்த்தோம். நவம்பரில் மருத்துவரின் ஒப்புதலோடு, இரண்டு மூன்று வாரம் உணவு நிறுத்திக் குடலைக் காலிசெய்து, ஆமையை மண் நிரப்பிய பெட்டியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்கள்! இறைச்சியும் பாலும் வைக்கும் பெட்டியன்று. இதற்கென்றே வாங்கிய சிறிய பெட்டி. பனிக்காலத் துயிலுக்கு 5 பாகையளவு நிலையான குளிர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் கண் பார்வை அழியும். 10 பாகையைத் தாண்டினால் விழித்துக்கொண்டு, உண்ணாமலே உடலிலுள்ள சேமிப்பைச் செலவிடும். பரணும் கார்க் கொட்டிலும் அந்த ஒழுங்கைத் தருவதில்லை, குளிர்ப்பெட்டி தருகின்றது. காற்றுக்காகத் தினமும் ஒருமுறை கதவைத் திறந்து மூட வேண்டும். "மூச்சுத் திணறப் போகிறது, நன்றாகத் திற" என்று இங்கிருந்தே துணைவியார் கட்டளையிடுவார். வாரந்தோறும் எடை பார்த்துப் பேத்தி ஓர் ஏட்டில் எழுதினாள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் எழுப்பிவிட வேண்டும் என்பது கணக்கு. குறையவில்லை.

இவ்வினம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், தம் அத்தையார் நெடுங்காலம் வளர்த்த ஆமையை அவர் மறைந்த 1780-ஆம் ஆண்டில் பெற்றார். 1793-இல் அவரும் மறைந்தார். ஆமை அவருக்குப் பின்னும் இருந்தது. திமோத்தி என்று ஆண்பெயர் சூட்டியிருந்த அது பெண் என்பது அது இறந்தபின்னரே தெரிந்தது. அதன் ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இக்கதையை நான் சொன்னதும் பேத்தி விரல்விட்டு எண்ணினாள். நன்னாவுக்குப் பின், நன்னிக்குப் பின், ஒருகால் அத்தா அம்மாவுக்கும் பின். எடை எழுதும் ஏட்டின் முதல் பக்கத்தில், தான் கல்லூரிக்குப் போகும்போது விளக்கு மாற்ற வேண்டியவர் என்று தன் நான்கு வயதுத் தம்பியின் பெயரை எழுதி, அவனிடம் பென்சிலால் ஒரு கையொப்பமும் வாங்கி வைத்திருக்கின்றாள்.