கல் தலையணை

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறுகிறவர்கள் கல்வெட்டைத் தேடுவார்கள். என் கண் போனது தலையணைகள் மேல். சமண முனிவர்கள் படுக்கப் பாறையிலேயே வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள். எல்லாம் ஒற்றைப் படுக்கை. தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று மேடாக விட்டிருக்கிறார்கள். வீட்டை விட்டாயிற்று, பெண்டாட்டியை விட்டாயிற்று. கழுத்து மட்டும் ஒத்துழைக்கவில்லை போலும். இருப்பதிலேயே பெரிய படுக்கையில், கி.மு. முதல் நூற்றாண்டையொட்டிய தமிழ்ப் பிராமி எழுத்து. குமிழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் செய்து கொடுத்தது என்கிறது. ஊர் இருக்கிறது, பேர் இருக்கிறது, ஏன் துறந்தார் என்பது இல்லை. கல்யாணம் கசந்து வந்தாரா, கல்யாணப் பேச்சு எடுத்ததுமே ஓடிவந்தாரா? எனக்கு வேண்டியது அதுதான்.

அதே மலையில் உள்ள அறிவர் கோயில் இன்னும் வேடிக்கை. அர்த்தமண்டபச் சுவரில் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் தியானத்தில் இருக்கிறார். முன் தூண்களில் பெண்கள் இடுப்பை ஒடித்து ஆடுகிறார்கள். பார்சுவநாதர் விதித்த விரதங்கள் நான்கு. உடைமை வேண்டாம் என்றாலே பெண்ணும் வேண்டாம் என்று பொருளாம். பின்னால் வந்த மகாவீரர் பிரம்மச்சரியத்தைத் தனியே ஐந்தாவதாகச் சேர்த்தார். நடுவில் யாரோ சந்து கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

எங்கள் வீட்டில் துறவு கார்த்திகையில் வரும். சித்தப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டதும் திண்ணைக்குப் பாய் போய்விடும். ஆறு பிள்ளை பெற்ற சித்தி, அடுக்களையில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “சாமி புண்ணியத்துல இப்பத்தான் அக்கா நிம்மதியாத் தூங்குறேன்.” வாயைத் திறந்து வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. சபரிமலையிலிருந்து ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவரும் கட்டை பிரம்மச்சாரி. மாலை கழற்றிய மறுநாளே, “அடுத்த வருசமும் போயிட்டு வாங்க” என்று ஆரம்பித்துவிடுவாள். வீட்டு வேலையில் அத்தனை கறார் பேசுகிறவள், இருமுடிக்கு நெய்த்தேங்காய் தயார்செய்வதில் மட்டும் ஒரு குறை வைத்ததில்லை. சித்தப்பா 18 வருஷம் மலையேறிக் குருசாமியானதில் பாதிப் பக்தி அவளுடையது.

புது ஜோடிகளை ஆடியில் பிரித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதற்கும் காரணம் சொல்வார்கள்: ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம். சரி, இரண்டாம் வருஷத்திலிருந்து சித்திரை சுடாதா? அதை யாரும் கேட்பதில்லை. என் தம்பியே சித்திரைதான்.

பஞ்சாங்கமோ சாமியோ துணைக்கு வராமல், தானே தள்ளிப்போட்டவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி. சிறுமிகளுக்குத் தாலி கட்டிய காலத்தில் மகாராஜா கல்லூரிக்குப் போனார், சென்னையில் மருத்துவம் படித்து 1912இல் முடித்தார், 1914இல்தான் மணந்தார். அதற்கும் நிபந்தனை: தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. டாக்டர் சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு வாக்கியத்துக்குள் படுக்கையறையும் அடக்கம் என்றே நான் வாசிக்கிறேன். பெண்ணின் மணவயது 14 என்று சாரதா சட்டம் வந்ததே அதற்கு 15 வருஷம் கழித்து, 1929இல்.

சித்தியிடம் ஒருநாள் இந்த நிபந்தனைக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டாள்: “அவுக மாப்பிள்ளை மலைக்குப் போவாரா?”