வீணாய்ப் போன இருபது நிமிஷம்

சென்ற மாதம் அடையாற்றிலிருந்து என் பெண் கைக்குழந்தையுடன் வந்திருந்தாள். வந்து காப்பி குடித்து முடிப்பதற்குள், "அப்பா! குழந்தையை அப்போதைக்கப்போது படம் பிடிக்க ஒரு சின்ன வீடியோ காமிரா வாங்கணும். விலை ஜாஸ்தி கூடாது, கைப்பையில் அடங்கணும். நீதாம்ப்பா பார்த்துச் சொல்லணும்" என்றாள்.

"அந்த விஷயத்தில் உன் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

என் மனைவி என்னைப் புகழ்ந்தாள் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தக் குரலின் உட்பொருள் விளங்க வேண்டுமானால், 1992-ஆம் வருஷத்து மயிலாப்பூருக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு 'ஹாண்டிகாம்' கொண்டு வந்தார். அதற்கு முன் வீடியோ என்றால் கல்யாண வீட்டு வீடியோதான். ஒருவர் தோளில் பெரிய பெட்டியைச் சுமந்து வருவார். இன்னொருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த வெளிச்சத்தின் சூட்டில் மாப்பிள்ளையின் சந்தனம் காய்ந்து உதிரும். அதற்கும் முன்னால், வசதி படைத்த சில வீடுகளில் 'சூப்பர் எட்டு' என்ற பிலிம் காமிரா இருந்தது. 1965-ல் கோடாக் கம்பெனி கொண்டு வந்தது. ஒரு சுருள் ஐம்பது அடி. மூன்று நிமிஷம் இருபது விநாடியில் தீர்ந்து போகும். பிறகு அதைக் கழுவக் கொடுக்க வேண்டும், புரொஜெக்டர் வேண்டும், இருட்டறை வேண்டும். இத்தனையும் செய்து பார்த்தால் அது பெரும்பாலும் ஊமைப் படம்!

1985-ல் ஸோனி கம்பெனி, எட்டு மில்லிமீட்டர் அகல நாடாவில் ஓடும் முதல் ஹாண்டிகாமை வெளியிட்டது. 1989-ல் அதிலும் சிறியதாக ஒன்று வந்தது. எடை 790 கிராம். பாஸ்போர்ட் அளவு என்று விளம்பரம் செய்தார்கள். ஒரு நாடாவில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். படத்தோடு பேச்சும் பதிவாகும். கழுவ வேண்டாம், டெலிவிஷனில் மாட்டினால் உடனே பார்க்கலாம். சாதாரண குடும்பஸ்தனுக்கு இது பெரிய வரப்பிரசாதம் அல்லவா?

காமிரா கைக்கு வந்ததும் என்னைப் பிடித்த கர்வத்துக்கு அளவே இல்லை. வீட்டில் யாரும் சகஜமாக நடமாட முடியாது. முக்கியமாக என் தாயார். அவளுக்குப் பேசாமல் அரை நிமிஷம் இருக்கத் தெரியாது. நான் காமிராவைத் தூக்கினால் அவள் எதையாவது சொல்ல ஆரம்பிப்பாள். "அம்மா, பேசாதே! பதிவாகிறது!" என்று அதட்டுவேன். பாவம், வாயை மூடிக்கொண்டு கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்பாள்.

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் உற்சவம் வந்தது. எட்டாம் நாள் அறுபத்து மூவர். காலையில் பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்த ஐதீகம் முடிந்து, பிற்பகலில் நாயன்மார்கள் வரிசை வரிசையாக மாட வீதிகளில் எழுந்தருளினார்கள். அம்மா ஒரு கையில் நாலு வயதுப் பேத்தியைப் பிடித்துக்கொண்டாள். நான் காமிராவும் கையுமாக முன்னால் போனேன்.

அந்தக் காமிராவில் ஒரே பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் ஓடும். மறு தரம் அழுத்தினால் நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்பது, கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் ஒரு சின்ன எழுத்தாகத் தெரியும். கூட்டத்தில் யாரோ இடித்ததில் என் மூக்குக் கண்ணாடி நழுவியது. அந்தக் களேபரத்தில் பொத்தானை ஒரு தரம் கூடுதலாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அதிலிருந்து எல்லாம் தலைகீழ்! சுவாமி வரும்போது காமிரா ஓய்வெடுத்தது. நான் கையைத் தொங்கப் போட்டபோதெல்லாம் அது சுறுசுறுப்பாக வேலை செய்தது.

அன்றிரவு பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு டெலிவிஷனில் போட்டேன். என் வேஷ்டி நுனி வந்தது. செருப்புக் கால்கள் வந்தன. நீர்மோர்ப் பந்தலுக்கு அடியில் உருண்ட டம்ளர்கள் வந்தன. இருபது நிமிஷம் இதுதான். அறுபத்து மூவரில் ஒருவராவது தரிசனம் தரவில்லை. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் கோபத்துடன் நாடாவின் மேல் 'வீண்' என்று எழுதி வைத்தேன். அதன் மேலேயே வேறு ஏதாவது பிடிக்கலாம் என்று எண்ணம். என் சோம்பலால் அது நடக்கவில்லை. அந்தச் சோம்பலுக்கு இன்றும் நன்றி செலுத்துகிறேன்.

1996-ல் அம்மா போய்விட்டாள்.

நாடாக்கள் பீரோவில் அந்துருண்டைகளுக்கு நடுவே கிடந்தன. இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், சென்னையின் ஈரக்காற்று அவற்றின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் வளர்த்திருந்தது. காமிராவும் ஓட மறுத்தது. பெரிய நாடாப் பெட்டிகளின் கதியும் அதேதான், வி.ஹெச்.எஸ். யந்திரம் செய்துவந்த கடைசி ஜப்பானியக் கம்பெனி 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தியாகராய நகர்ச் சந்து ஒன்றில், பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருபவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். ஐந்து நாடாக்களில் மூன்று பிழைத்தன.

முதல் இரண்டில் அம்மா இருக்கிறாள். கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். உடனே, "அம்மா, பேசாதே!" என்று ஒரு மூர்க்கனின் குரல் கேட்கிறது. அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அந்த மூர்க்கன் நான்தான்.

மூன்றாவது நாடா, 'வீண்'.

திரையில் செருப்புக் கால்கள். அவற்றுக்கு மேலே, கூட்டத்தின் இரைச்சலையும் நாதஸ்வரத்தையும் மீறிக்கொண்டு அம்மாவின் குரல்!

"குழந்தே, கையை விடாதே. அதோ பாரு, கண்ணப்பர். சுவாமிக்குத் தன் கண்ணையே பிடுங்கி வெச்சவர்."

"வலிக்கலையா பாட்டி?"

"வலிக்காம இருக்குமா? ஆசை இருந்தா வலி தெரியாதுடீ." பிறகு என்னைப் பார்த்து, "ஏண்டா அம்பி, வெயிலில் நிற்கிறியே, ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் பிடியேன்."

இருபது நிமிஷமும் பேசியிருக்கிறாள். என் முழுச் சேமிப்பில் அவள் தடையில்லாமல் பேசிய இருபது நிமிஷம் அது ஒன்றுதான். நானும் மனைவியும் அன்று இரவு அதை மூன்று தரம் கேட்டோம்.

இந்த அநுபவத்தோடுதான் பெண்ணை அழைத்துக்கொண்டு பனகல் பார்க் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். மனைவியும் வந்தாள். மலிவான சிறு காமிராக்கள் சிலவற்றை எடுத்து வைத்தார்கள். ஒரு பெட்டியின் மேல், 'ஜூம் 18 மடங்கு' என்று கொட்டை எழுத்து. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. லென்ஸே நகர்ந்து அருகில் காட்டினால் அது நிஜ ஜூம். 'டிஜிட்டல்' ஜூம் என்றால், பிடித்த படத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்குவது. முகம் பெரிதாகும், தெளிவு போய்விடும்.

"இதை ஓட விட்டுக் கொஞ்சம் பேசு" என்றேன் மனைவியிடம். அவள் மின்விசிறிக்கு அடியில் நின்று காய்கறி விலையைப் பற்றிப் பேசினாள். போட்டுக் கேட்டோம். படம் பரவாயில்லை. குரல், குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. அதே இடத்தில் பெண்ணின் கைப்பேசியில் பிடித்தோம். படமும் குரலும் அதைவிட நன்றாகவே இருந்தன. வெளி மைக் மாட்டத் துளையும், லென்ஸ் நகரும் நிஜ ஜூமும் உள்ள காமிரா ஒன்றும் இருந்தது. விலையைக் கேட்டதும் மூவரும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தோம்.

பள்ளிக்கூட நாடகத்தைக் கடைசி வரிசையிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த நிஜ ஜூம் காமிரா அவசியம். குழந்தை கூடத்தில் தவழ்வதற்கு அது வேண்டாம். கையில் சட்டென்று வருவது எதுவோ அதுவே நல்ல காமிரா. ஆகவே காமிராவுக்குப் பதிலாக, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்றும், சேமித்து வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினோம். நல்ல தெளிவில் பிடித்தால் நிமிஷத்துக்குச் சுமார் 130 மெகாபைட் இடம் பிடிக்கும். மணிக்கு ஏறக்குறைய எட்டு ஜிகாபைட். ஒரு பிரதி மயிலாப்பூரில், ஒரு பிரதி அடையாற்றில். ஒரே பீரோவை நம்பிக் கெட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

மறுநாள் மனைவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகக் கைப்பேசியைத் தூக்கினேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன்னா, பதிவாகிறதா? பேசாமல் இருக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! பேசிக்கொண்டே இரு" என்றேன்.

திரையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். இருந்தது.