பக்கத்து ரேடியோவின் விசில்

திருச்சி வானொலி என்றால் 936, மதுரை என்றால் 1269 கிலோஹெர்ட்ஸ். பழைய நேயர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் அவர்கள் கையிலிருந்த டிரான்சிஸ்டருக்கோ 455 என்ற ஒரே எண்தான் கணக்கு.

வானொலியின் ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு பெருக்கிக் கட்டத்தையும் நிலையத்துக்கேற்பத் தனித்தனியாகத் திருக வேண்டியிருந்தது. மூன்று குமிழ்களைத் திருகி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், பாரிஸிலிருந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வேறு வழி கண்டார். பிரெஞ்சுக்காரர் லூசியன் லெவி அவரை முந்திக்கொண்டு 1917இலேயே காப்புரிமை கேட்டிருந்தார். உரிமை யாருக்கு என்ற வழக்கு நெடுங்காலம் இழுத்தது.

வழி இதுதான். பெட்டிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கு. வருகிற அலையோடு கல. இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடு. திருச்சிக்கு முள்ளை வைத்தால் உள்ளே 1391 உருவாகும். மதுரைக்குத் திருப்பினால் 1724. இரண்டிலும் கழித்தால் மிஞ்சுவது 455. குமிழின் ஒரே தண்டில் இரண்டு பிரிவுள்ள கேங் கன்டென்சர் சுழல்வதால் இந்த இடைவெளி ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. பேச்சும் பாட்டும் அந்த 455இன் மேல் அப்படியே ஏறி வந்துவிடும். பிறகு வடிகட்டுவது, பெருக்குவது எல்லாம் ஓரிடத்தில்தான். மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலையோடு உள்ளே நிற்கும் சின்னத் தகரப் பெட்டிகளின் வேலை அது. லூசான திருகு என்று நினைத்து அவற்றை முறுக்கியே பல நல்ல ரேடியோக்களை வீட்டுக்காரர்கள் கொன்றிருக்கிறார்கள்.

உள்ளே உண்டாகும் அந்த அலையைக் காதாலேயே கேட்கலாம். முள் நகரும் பழைய ரேடியோ இரண்டு வேண்டும். ஒன்றில் மதுரையை வையுங்கள். மற்றொன்றை ஒட்டி வைத்து, 814ஐ நோக்கி மெல்லத் திருப்புங்கள். முதல் ரேடியோ கீச்சென்று விசிலடிக்கும்; விசில் தாழ்ந்து உறுமலாகி, அடங்கி, மறுபடி ஏறும். 814உடன் 455ஐக் கூட்டினால் 1269. கேட்பதற்கென்று செய்த பெட்டி, சிறிய அளவில் ஒலிபரப்பவும் செய்கிறது!

பனிப்போர்க் காலத்தில் பிரிட்டனின் உளவு அமைப்பான எம்.ஐ.5 இதைத்தான் பிடித்துக்கொண்டது. லண்டன் சோவியத் தூதரகத்தின் ரேடியோக்கள் கசியவிட்ட அலையைக் கொண்டு, உள்ளே எந்த அலைவரிசையைக் கேட்கிறார்கள் என்று வேவு பார்த்தது. ‘ராஃப்டர்’ என்ற அந்த வேலையைப் பற்றி, அதில் இருந்த பீட்டர் ரைட் 1987இல் வெளிவந்த ‘ஸ்பைகேட்சர்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.