காத்தாடியைக் குறை

காலை ஐந்தே முக்காலுக்கு மாத்திரை. 75 மைக்ரோகிராம்; சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் காப்பி கிடையாது. உங்கள் தலைமாட்டிலும் அந்தப் புட்டி இருக்கிறதென்றால், இந்த ஒரு மணி நேரத்தின் நீளத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அந்த நேரத்தில்தான் ஊர் வந்துவிடுகிறது.

உடன்குடிப் பக்கம். அங்கே வெறும் வயிறு என்றால் வேறு அர்த்தம். பங்குனி பிறந்துவிட்டால் விடியலில் பதினிக்காரர் சைக்கிள் வாசலில் நிற்கும். மடித்த ஓலைப் பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, லேசான சுண்ணாம்பு வாடையோடு அது நெஞ்சுக்குள் இறங்குகிற குளிர்ச்சி... போகட்டும். பதினி இல்லாத மாதங்களில் அம்மாவின் கருப்பட்டிக் காப்பி. முதலில் சுக்கு தட்டும் சத்தம். அப்புறம் குரல். "ஏட்டி, எந்திரி. காப்பி ஆறுது." இரண்டாவது தடவை கொஞ்சம் ஏறும். மூன்றாவது தடவை தெருக்கோடிக்குக் கேட்கும்.

நோய் தெரிந்த அன்று எனக்கு டி.எஸ்.எச். 38 இருந்தது. நாலு, நாலரையைத் தாண்டக் கூடாதது. தைராய்டு சோர்ந்து கிடந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி 'எழும்பு, எழும்பு' என்று இந்த ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகுமாம். டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குச் சுக்கு வாசனை அடித்தது. சிரித்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

அம்மாவின் அந்தக் குரல் எப்போது போனதென்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் போயிருந்தால் கவனித்திருப்போம். ஐம்பது வயதை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. "தொண்டை கட்டியிருக்கு" என்று மிளகைப் பொடித்துப் பாலில் போட்டுக் குடித்தாள். பத்து வருஷம் தொண்டை கட்டியிருந்தது! போனில் சாமான் சொன்னால் பலசரக்குக் கடைப் பையன் "சொல்லுங்க அண்ணாச்சி" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நடை தளர்ந்தது. முகம் உப்பியது, சதை போட்டு நல்லாயிருக்கா என்றார்கள் சொந்தக்காரர்கள். லீவுக்குப் பிள்ளைகளோடு நாங்கள் போய் இறங்கும் சித்திரை மாதத்தில், ஓட்டுக்கூரை அனலாய்க் கொதிக்கும் மத்தியானத்தில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அந்தக் காத்தாடியக் கொஞ்சம் குறையேன்" என்பாள். குறைப்போம். அவள் கண்ணயர்ந்ததும் திரும்ப ஐந்தில் வைத்துவிடுவோம்.

2011-இல் போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு நோய் என்றார்கள். தைராய்டு என்ற சொல்லே அதுவரை எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. அவளுக்கும் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் தம்பி கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு புருவத்துக்கும் வால் இல்லை. காதுப் பக்கம் போகப் போக மயிர் உதிர்ந்து, அந்த இடம் வழவழவென்று கிடக்கிறது. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் என் முகக்கண்ணாடியில் நான் பார்த்த அதே இடம். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய நோய் என்று எனக்குச் சொன்னார்கள். தம்பியிடம் படத்தைக் காட்டினேன். "அந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்க்கா" என்றான். அவனுக்கு அப்படி இருந்துவிட்டால் நிம்மதி.

1891-இல், இங்கிலாந்தின் நியூகாசிலில், ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர் இதே மாதிரி ஊதி, மந்தமாகிப்போன ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் அதன் பிறகு 28 வருஷம் இருந்தாள். இருபத்தெட்டு. படித்த அன்றிலிருந்து இந்த எண் என்னை விடுவதாயில்லை. ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. ரத்தம் எடுக்க ஆள் சென்னை வீட்டுக்கே வருகிறான். சாயங்காலம் முடிவு கைப்பேசியில் வந்துவிடுகிறது. குரல் ஐந்தாறு மாதத்தில் தெளிந்துவிட்டது. ஆறே முக்காலுக்குக் கருப்பட்டிக் காப்பியும் உண்டு, கூரியரில் வந்த கருப்பட்டி, பாக்கெட்டில் அடைத்த சுக்குப் பொடி. தட்டுகிற வேலையே இல்லை. ஆறினாலும் யாரும் கூப்பிடுவதில்லை.

மாத்திரை எடுத்தும் அந்தக் குளிர் மட்டும் முழுசாக விடவில்லை. ராத்திரி காத்தாடியை இரண்டில் வைத்துவிட்டுப் படுக்கிறேன். விடியும்போதும் அது இரண்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.